ட்ரிபிள் ரோடு சைக்கிளில் செயின் நீளம்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்க

முன்னால் மூன்று செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) இருக்கும் ட்ரிபிள் சைக்கிளில் எந்தச் சத்தம் வந்தாலும் "செயின் நீளம் சரியில்லையோ" என்ற சந்தேகம் வந்துவிடும். பல நேரம் நீளத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. சம்பந்தம் இருக்கும்போதும் குட்டைச் செயினையும் நீளச் செயினையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. குட்டைச் செயின், பின் டெரெய்லரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) ஃபிரேமில் தாங்கும் ஹேங்கரை ஒடிக்கும், டெரெய்லரைப் பிய்த்து ஸ்போக்குக்குள் தள்ளும். நீளச் செயின் தொங்கும், தட்டும், எரிச்சல் மூட்டும். அதோடு சரி. அதனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் எப்போதும் நீளத்தின் பக்கமே சாயுங்கள். கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

கடையில் பேசுகிற மாதிரியே பின் டெரெய்லரை ஆர்.டி. என்றும் முன் டெரெய்லரை எஃப்.டி. என்றும் எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம்: முன்னால் 50-39-30 பற்கள், பின்னால் 10 பல்சக்கரங்கள் உள்ள காசெட் (அதாவது 10 வேகம்), செயின்ஸ்டே குழாய் 16 அங்குலம் (பெடல் அச்சின் நடுவிலிருந்து பின் சக்கர அச்சின் நடு வரை). ஷிமானோவின் 105 5703-இலிருந்து சோரா, கிளாரிஸ் ட்ரிபிள் வரை 50-39-30 என்பதுதான் வழக்கமான அமைப்பு. பழைய அல்ட்டெக்ராக்களில் பெரிய ரிங் 52 பல். ஷிமானோ ரோடு வரிசையில் 11 வேகம் வந்தபோது அதில் ட்ரிபிள் இல்லாமல் போயிற்று. ஆகவே நம் கையில் இருப்பவை பெரும்பாலும் 8, 9, 10 வேக வண்டிகள்.

கண்ணிக் கணக்கையும் முதலிலேயே பேசிவிடுவோம். ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் செயினைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டிரண்டாகத்தான் முடியும். ஆக, நம்மால் மாற்ற முடிந்த மிகச் சிறிய அளவு ஓர் அங்குலம். க்விக் லிங்க் (செயினின் இரு முனைகளையும் சேர்க்கும், இரண்டு பாதியாகப் பிரியும் கண்ணி) போட்டால் அதுவும் ஒரு வெளிக்கண்ணிதான், எண்ணிக்கையில் சேரும். எண்ணும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

எந்தப் புகார் என்றாலும் முதலில் இந்தச் சோதனை

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் ஒருவரை சீட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நடு ரிங்கில் வைத்துக்கொண்டு, பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போங்கள். அப்புறம் பெடலைக் கையால், மிக மெதுவாகச் சுற்றியபடி முன்னால் பெரிய ரிங்குக்கு ஏற்றுங்கள். கண் ஆர்.டி.யின் கூண்டில் (இரண்டு சின்னக் கப்பிகளைத் தாங்கித் தொங்கும் பகுதி) இருக்கட்டும். செயின் விறைத்துக்கொண்டு பெடல் கனத்தால் அங்கேயே நிறுத்திப் பின்னால் சுற்றி இறக்கிவிடுங்கள். காலால் மிதித்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

சிக்கலில்லாமல் ஏறிவிட்டது என்றால் கூண்டைப் பாருங்கள். நன்றாக முன்னால் இழுபட்டிருக்கும், அது சரி. ஆனால் இரண்டு கப்பிகளையும் சுற்றிச் செயின் இன்னும் வளைந்து போக வேண்டும், நூல் பிடித்தது போல நேராகிவிடக் கூடாது. கீழ்ப்பக்கம் ஓடும் செயினில் இரண்டு கண்ணி அளவை விரலால் மடித்துப் பிடியுங்கள். ஆர்.டி. கூண்டு அதற்கும் இடம் கொடுத்து இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் நீளம் போதும்.

"நான் பெரிசு–பெரிசு (பெரிய ரிங், பெரிய பல்சக்கரம்) போடவே மாட்டேன், எதற்கு இந்தச் சோதனை?" என்று கேட்பவர்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில், தெம்பாக இருக்கும்போது போட மாட்டீர்கள். 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இருட்டில் ஒரு ஏற்றம் வந்தால் விரல் தானாக அடுத்த லிவரை அழுத்தும். செயின் அந்தத் தவறைத் தாங்க வேண்டும்.

"பெரிசு–பெரிசில் செயின் ஏற மறுக்கிறது, அல்லது ஏறி இறுகிவிட்டது"

நீளப் பிரச்சினைகளில் உடனே சரிசெய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

ஓடும்போதே இறுகிப் பெடல் நின்றுவிட்டால் வலுக்கட்டாயமாக மிதிக்காதீர்கள். இறங்கி, பின் சக்கரத்தின் க்விக் ரிலீஸைத் தளர்த்துங்கள். சக்கரம் டிராப்அவுட்டிலிருந்து இறங்கியதும் செயினுக்குத் தளர்வு கிடைக்கும். செயினைக் கையால் எடுத்து நடு ரிங்கில் மாட்டி, சக்கரத்தைத் திரும்பப் பொருத்துங்கள். கிளம்பும் முன் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு கப்பிகளும் காசெட்டுக்கு இணையாக, ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கூண்டு ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகாமலே வீடு சேருங்கள்.

இப்படி ஆவதற்கு முதல் காரணம் காசெட் மாற்றம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டு 12-25 காசெட்டைக் (மிகச் சின்ன பல்சக்கரத்தில் 12 பல், மிகப் பெரியதில் 25) கழற்றி 11-28 போடுகிறார்கள், செயினை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூன்று பல்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

அங்குலத்தில் சூத்திரம் இது: செயின்ஸ்டேயின் இரு மடங்கு, கூட்டல் பெரிய ரிங்கின் பற்களில் கால் பங்கு, கூட்டல் பெரிய பல்சக்கரத்தின் பற்களில் கால் பங்கு, கூட்டல் 1. வரும் எண்ணை அடுத்த முழு அங்குலத்துக்கு ஏற்ற வேண்டும், ஒருபோதும் இறக்கக் கூடாது. நம் உதாரண வண்டியில் 25 பல் இருந்தபோது 32 + 12.5 + 6.25 + 1 = 51.75. ஏற்றினால் 52 அங்குலம், 104 கண்ணி. 28 பல் வந்ததும் 32 + 12.5 + 7 + 1 = 52.5. ஏற்றினால் 53 அங்குலம், 106 கண்ணி.

இரண்டு கண்ணிதான் வித்தியாசம். ஆனால் 50-ஐயும் 28-ஐயும் ஆர்.டி. இல்லாமல் நேராகச் சுற்றவே கிட்டத்தட்ட 51.7 அங்குலம் வேண்டும். பழைய 52 அங்குலச் செயினில் கப்பிகளைச் சுற்றி வளைய மிஞ்சுவது கால் அங்குலம் சொச்சம். அங்கே இருக்க வேண்டியது ஓர் அங்குலம். ஹேங்கர் ஒடிவது இந்த முக்கால் அங்குலத்தில்தான்.

இரண்டாவது காரணம், டபுள் வண்டிக்கான முறையில் ட்ரிபிள் செயினை வெட்டுவது. பெரிய ரிங், மிகச் சின்ன பல்சக்கரம் என்று வைத்து, இரண்டு கப்பிகளும் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி வெட்டுவார்கள். முன்னால் இரண்டு ரிங், பின்னால் சிறிய காசெட் என்றால் அது சரியாக வரும். ட்ரிபிளுக்கு நம்பக் கூடாது. ட்ரிபிளுக்கு ஷிமானோ சொல்வதும் பெரிசு–பெரிசு முறைதான்.

அந்த முறை எளிது. புதுச் செயினை ஆர்.டி. வழியாகக் கொடுக்காமல், எஃப்.டி.க்குள் மட்டும் விட்டு, பெரிய ரிங்கையும் பெரிய பல்சக்கரத்தையும் நேராகச் சுற்றி இரு முனைகளையும் இழுத்துப் பிடியுங்கள். எந்தக் கண்ணியில் முனைகள் சேர முடியுமோ அதைக் கண்டுபிடியுங்கள். அரைகுறையாக எட்டினால் அது எட்டவில்லை என்று அர்த்தம், அடுத்ததற்குப் போங்கள். அங்கிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். க்விக் லிங்க் போடுவதானால் ஒரு முனையில் அதன் ஒரு பாதியை மாட்டிக்கொண்டு அளப்பது நல்லது, ஏனென்றால் இரண்டு முனைகளும் உள்கண்ணியாக முடிய வேண்டும். ஒரு முனை உள்கண்ணி, மறுமுனை வெளிக்கண்ணி என்று வெட்டிவிட்டால் க்விக் லிங்க் சேராது. அப்போது மறுபடி ஒன்றை எடுப்பார்கள், செயின் அரை அங்குலம் குட்டையாகிவிடும். செயின் கட்டரைத் திருகும் முன் ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணுங்கள். புதுச் செயின் வழக்கமாக 114 அல்லது 116 கண்ணியோடு வரும். ஆகவே இந்த வண்டிக்கு 8 அல்லது 10 கண்ணி வெளியே வரும், க்விக் லிங்க்கையும் சேர்த்து எண்ணினால்.

ஏற்கனவே குட்டையாக இருக்கும் செயினை நீட்ட முடியுமா? முடியும். செயின் இன்னும் தேயாமல் இருந்தால், அதே செயினிலிருந்து வெட்டி வைத்த துண்டிலிருந்து ஓர் உள்கண்ணி, இன்னொரு க்விக் லிங்க், இவ்வளவு போதும். பழைய க்விக் லிங்க்கைத் திறந்து நடுவே அந்த உள்கண்ணியை வைத்து, இரு பக்கமும் க்விக் லிங்க்கால் மூடினால் சரியாக ஓர் அங்குலம் கூடும். 9, 10 வேகச் செயின்களின் அகலம் வேறு வேறு, அதனால் க்விக் லிங்க் அந்தந்த வேகத்துக்கானதாக இருக்க வேண்டும். ஸ்ராமின் பவர்லாக் மாதிரி ஒரு முறை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் லிங்க்குகளைத் திறந்து மறுபடி மூடாதீர்கள். தள்ளி வெளியே எடுத்த பழைய பின்னை மீண்டும் உள்ளே அடித்துச் சேர்ப்பதும் வேண்டாம். 8 வேகக் காலத்துக்கு முன்பு அது செல்லுபடியானது. 10 வேகச் செயினில் அந்த இடம்தான் முதலில் விடும். செயின் தேய்ந்திருந்தால் இந்த ஒட்டுவேலையே வேண்டாம், புதுசு வாங்குங்கள்.

"சின்னது–சின்னதில் செயின் தொங்குகிறது"

ட்ரிபிள்காரர்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் இதைச் சரிசெய்கிறேன் என்று கண்ணியைக் குறைத்து, மேலே சொன்ன ஆபத்தில் போய் விழுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் ஆர்.டி. எவ்வளவு தளர்வை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு மொத்தக் கொள்ளளவு என்று ஓர் எண் உண்டு. நம் வண்டிக்கு வேண்டியது: முன்னால் பெரிய ரிங்குக்கும் சின்ன ரிங்குக்கும் உள்ள வித்தியாசம் (50 − 30 = 20), பின்னால் அதே மாதிரி வித்தியாசம் (28 − 11 = 17), ஆக 37 பல். இனி ஆர்.டி.யின் எண்ணைப் பாருங்கள். ஷிமானோவின் ரோடு ஆர்.டி.களில் எஸ்.எஸ். என்றால் குட்டைக் கூண்டு, ஜி.எஸ். என்றால் நீளக் கூண்டு. அல்ட்டெக்ரா 6500 வரிசையை எடுத்துக்கொண்டால் எஸ்.எஸ். 29 பல், ஜி.எஸ். 37 பல். கூண்டின் உள்பக்கத்தில் இந்த எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆர்.டி. ஜி.எஸ்.தான், பெரிசு–பெரிசு சோதனையிலும் தேறியது, ஆனாலும் சின்னது–சின்னதில் தொங்குகிறது என்றால், நீளம் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கலாம். பெரிசு–பெரிசில் விரலால் மடித்துப் பார்த்தபோது இரண்டு கண்ணிக்கு மேல், நான்கு கண்ணிக்கே தாராளமாக இடம் இருந்ததா? அப்படியானால் இரண்டைக் குறைத்துவிட்டு மறுபடி அதே சோதனை. இரண்டே இரண்டுக்குத்தான் இடம் இருந்ததென்றால் தொடாதீர்கள்.

ஆர்.டி. எஸ்.எஸ். என்றால் பிரச்சினை செயினில் இல்லை. 37 வேண்டிய இடத்தில் 29 இருந்தால் எந்த நீளமும் இரண்டு முனையையும் திருப்திப்படுத்தாது. பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: முன்பிருந்தவர் ஆர்.டி.யை உடைத்துவிட்டு, கிடைத்த குட்டைக் கூண்டைப் போட்டு விற்றிருப்பார். அப்போது செய்ய வேண்டியது, பெரிசு–பெரிசுக்குச் செயினை வெட்டிவிட்டு, 8 பல் தளர்வோடு வாழப் பழகுவது. அதாவது 30 ரிங்கில் 11 முதல் 17 வரையுள்ள பல்சக்கரங்களில் செயின் தொங்கும். 19-லிருந்து இழுத்துக்கொள்ளும். ஷிமானோவின் 11-28 காசெட்டில் 19, 21, 24, 28 என்று நான்கு மிச்சம். சின்ன ரிங்கை மாட்டுவதே ஏற்றத்துக்குத்தான், அந்த நான்கும் போதும். விட்டதாலும் நஷ்டமில்லை: 30–11 தரும் விகிதம் 2.73, நடு ரிங்கில் 39–14 தருவது 2.79. அதே வேகம், செயினும் நேராக ஓடும்.

இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்றால் நீளக் கூண்டு ஆர்.டி.தான் வழி. ரோடு ஜி.எஸ். கிடைக்காவிட்டால் ஷிமானோவின் 9 வேக மலைச் சைக்கிள் ஆர்.டி.யைத் தேடலாம். 8, 9 வேக ஷிமானோ ரோடு லிவர்களோடும், 5703 காலத்து 10 வேக லிவர்களோடும் அது ஒத்துப்போகும். டியாக்ரா 4700 தொடருக்கு மட்டும் இது பொருந்தாது, அதில் கேபிள் இழுப்பு வேறு.

நடு ரிங்கிலும் செயின் தொங்குகிறதா? அப்படியானால் விஷயம் வேறு. 50–28க்கும் 39–11க்கும் இடையே உள்ள வித்தியாசம் 28 பல்தான், அதைக் குட்டைக் கூண்டுகூடச் சமாளிக்க வேண்டும். நடு ரிங்கில் 11-இலோ 12-இலோ செயின் தளர்ந்து ஆடினால் செயின் நிச்சயம் நீளம், அல்லது ஆர்.டி. ஸ்ப்ரிங் சோர்ந்துவிட்டது. செயினைக் கழற்றிவிட்டுக் கூண்டைக் கையால் முன்னால் தள்ளி விட்டுப் பாருங்கள். சட்டென்று திரும்ப வேண்டும். மண்ணும் பழைய கிரீஸும் கெட்டித்து மெதுவாகத் திரும்பினால் முதலில் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள், கண்ணியைப் பிறகு எண்ணலாம்.

காம்பக்னோலோ முறை இதற்கு நேர்மாறான முனையிலிருந்து அளக்கிறது: சின்ன ரிங், சின்ன பல்சக்கரத்தில் வைத்து, மேல் கப்பிக்கும் அதன் அடியில் திரும்பிப் போகும் செயினுக்கும் இடையே 8 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி வெட்டுவது. ஆர்.டி.யின் கொள்ளளவுக்குள் எல்லாம் அடங்கினால் இதுவும் நல்ல முறைதான். அடங்காத வண்டியில் இதை மட்டும் நம்பி வெட்டினால் பெரிசு–பெரிசில் மாட்டிக்கொள்வீர்கள். எனவே இதில் வெட்டினாலும் கடைசியாக அந்தப் பக்கம் போய்ச் சோதித்துவிடுங்கள்.

"புதுச் செயின் போட்டதிலிருந்து எல்லா கியரிலும் கரகரவென்று உரசல்"

கூண்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு கப்பிகளுக்கும் நடுவே கூண்டில் ஒரு சின்னத் தகடு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதன் உள்பக்கமாகப் போக வேண்டும், வெளிப்பக்கமாகப் போய்த் தகட்டை அறுத்துக்கொண்டிருக்கும். க்விக் லிங்க்கைத் திறந்து சரியான வழியில் விட்டால் ஐந்து நிமிட வேலை. நீளத்துக்குச் சம்பந்தமில்லை. ஷிமானோவின் 5700 காலத்து 10 வேகச் செயின் என்றால் இன்னொன்றும் உண்டு: அதற்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, எழுத்துப் பொறித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

"சில சுற்றுகளுக்கு ஒரு முறை மட்டும் துள்ளுகிறது"

பெடல் சுற்றுகளை எண்ணுங்கள். 106 கண்ணிச் செயின் 39 ரிங்கில் ஒரு முழுச் சுற்று வர 2.7 பெடல் சுற்று ஆகும், 30 ரிங்கில் மூன்றரை, 50 ரிங்கில் இரண்டுக்குச் சற்று மேல். துள்ளல் இந்தத் தாளத்தில் வந்தால் எங்கோ ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. பெரும்பாலும் பின் அடித்துச் சேர்த்த இடமாகவே இருக்கும். பெடலைப் பின்னால் மெதுவாகச் சுற்றி, கீழ்க் கப்பியைத் தாண்டும்போது எந்தக் கண்ணி நிமிராமல் முறுக்கிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இலேசாக வளைத்தால் விட்டுக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பெடல் சுற்றிலும் தவறாமல் ஒரே இடத்தில் துள்ளினால் செயினை விட்டுவிட்டுச் செயின்ரிங்கில் வளைந்த பல்லைத் தேடுங்கள்.

"அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது"

புதுச் செயின் போட்ட மறுநாளே, அதுவும் நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று பல்சக்கரங்களில் மட்டும் வழுக்கினால், காசெட் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்துவிட்டது. புதுச் செயின் அந்தப் பற்களில் உட்காராது. காசெட்டையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பழைய செயின் என்றால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி வரும் பின்னின் நடு வரை, புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 10 வேகத்தில் 306.3-ஐத் தொட்டால் (0.5 சதவீதம்) மாற்றுங்கள், 8, 9 வேகத்தில் 307 வரை பொறுக்கலாம்.

இதே தேய்மானம் நீளக் கணக்கிலும் குழப்பும். பழைய செயினைத் தரையில் போட்டுப் பக்கத்தில் புதுசை வைத்து, சம நீளத்துக்கு வெட்டுவது பல கடைகளில் வழக்கம். 53 அங்குலச் செயின் 0.75 சதவீதம் தேய்ந்திருந்தால் 0.4 அங்குலம் நீண்டிருக்கும், கிட்டத்தட்ட ஒரு கண்ணி. கண்ணிகளை எண்ணித்தான் ஒப்பிட வேண்டும். அதுவும் பழைய செயினின் நீளம் சரியாக இருந்தது என்று தெரிந்தால் மட்டும்.

"மேடு பள்ளத்தில் செயின்ஸ்டேயில் டப் டப் என்று அடிக்கிறது"

நீளக் கூண்டு ஆர்.டி.யும் நடு ரிங்கும் சேர்ந்தால் கொஞ்சம் தட்டல் இருக்கத்தான் செய்யும். மோசமான ரோட்டில் மட்டும் தட்டினால் செயின்ஸ்டேயில் பழைய ட்யூப் துண்டைச் சுற்றிவிட்டு மறந்துவிடலாம். நல்ல ரோட்டிலும் தட்டினால் மேலே சொன்ன நடு ரிங் சோதனையைச் செய்யுங்கள்.

"சின்ன ரிங்குக்கு இறக்கும்போது செயின் உள்பக்கம் விழுந்துவிடுகிறது"

செயினைக் குறைத்தால் நிற்கும் என்று சொல்வார்கள். முதலில் எஃப்.டி.யின் எல் திருகாணியை (அது உள்பக்கம் எவ்வளவு நகரலாம் என்பதை வைப்பது) பாருங்கள். சின்ன ரிங், பெரிய பல்சக்கரத்தில் வைத்து, எஃப்.டி.யின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி இருக்கக் கூடாது. எஃப்.டி.யின் வெளித்தகட்டுக்கும் பெரிய ரிங்கின் பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர். இவை சரியாக இருந்தும் விழுந்தால், இறக்குகிற நேரத்தைப் பாருங்கள். பின்னால் 12-இல் ஓடும்போது 39-லிருந்து 30-க்கு இறக்கினால் தளர்வு ஒரே நேரத்தில் கொட்டும், செயின் எங்கே போவதென்று தெரியாமல் உள்ளே குதிக்கும். பின்னால் நடுப் பல்சக்கரங்களில் இருக்கும்போது, ஏற்றம் காலைப் பிடிக்கும் முன்பே இறக்குங்கள். அப்படியும் அடங்காத வண்டிகளுக்கு சீட் ட்யூபில் மாட்டும் செயின் கேச்சர் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. செயின் உண்மையிலேயே நீளமாக இருந்தால் இந்த விழுதல் அதிகரிக்கும் என்பது சரிதான். ஆனால் நீளம் மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம்.

"சின்ன ரிங்கில், பின்னால் மிகச் சின்ன இரண்டு பல்சக்கரங்களில் டிக் டிக் என்று சத்தம்"

செயின் சாய்வாக ஓடி நடு ரிங்கின் உள்பக்கத்தில் உரசுகிறது. ட்ரிபிளின் பிறவிக் குணம். அந்த கியரை விட்டுவிடுங்கள்.

"பெரிய பல்சக்கரத்தில் மேல் கப்பி உரசுகிறது"

காரணம் ஆர்.டி.யின் பி திருகாணி (மேல் கப்பிக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை வைப்பது). சின்ன ரிங், பெரிய பல்சக்கரத்தில் வைத்துப் பெடலைப் பின்னால் சுற்றியபடி, கப்பி பல்லைத் தொடாத அளவுக்கு மட்டும் திருகுங்கள். முழுக்கத் திருகியும் உரசினால், உங்கள் ஆர்.டி. அந்தப் பல்சக்கரத்துக்கானதே அல்ல. பழைய ரோடு ஆர்.டி.களில் பல 27 பல் வரைதான் என்று எழுதியிருக்கும். 28 பெரும்பாலும் ஓடிவிடும். அதற்குமேல் ஹேங்கரின் நீளத்தைப் பொறுத்தது. கண்ணியைக் கூட்டுவதோ குறைப்பதோ இதைத் தீர்க்காது.

"வழியில் செயின் அறுந்து, கண்ணியை எடுத்துவிட்டுச் சேர்த்திருக்கிறேன்"

இரண்டு கண்ணி போனது என்றால் 106 இப்போது 104. பெரிய ரிங்கும் பெரிய பல்சக்கரமும் இப்போது ஹேங்கர் ஒடியும் இடம். ட்ரிபிளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: பெரிய ரிங்கையே மறந்துவிடலாம். 39–28க்கு வேண்டிய நீளம் 50–28-ஐவிடச் சுமார் இரண்டே முக்கால் அங்குலம் குறைவு. ஆகவே நான்கு கண்ணி போயிருந்தாலும் நடு ரிங்கிலும் சின்ன ரிங்கிலும் பயமில்லாமல் வீடு வரலாம். மறதியில் லிவரை அழுத்திவிடுவீர்கள் என்று தோன்றினால், நடு ரிங்கில் வைத்துக்கொண்டு எஃப்.டி.யின் எச் திருகாணியை உள்ளே திருகிவிடுங்கள், பெரிய ரிங்குக்கு ஏறவே ஏறாது. எத்தனை சுற்று திருகினீர்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் திரும்ப வைப்பது சுலபம்.

புதுச் செயின் வெட்டும்போது மிஞ்சும் அந்த 8, 10 கண்ணியைக் குப்பையில் போடாமல், ஒரு க்விக் லிங்க்கோடு சேர்த்து சீட் பையில் போட்டு வைத்திருந்தால் இந்த நிலைமையே வராது. 10 வேகம், எந்தச் செயின், மொத்தம் எத்தனை கண்ணி என்று ஒரு சின்ன டேப்பில் எழுதி அந்தத் துண்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த செயின் வாங்கும்போது மறுபடி எண்ண வேண்டியதில்லை, காசெட்டையும் ரிங்கையும் மாற்றாமல் இருந்தால்.